ரூட் 100% நிரம்பிவிட்டது, கணக்குப் பார்த்தால் 33 ஜிபி காணோம் (உபுண்டு 22.04, பாதியில் நின்ற அப்கிரேட்)

அல்சூர்_அச்சு எழுதியது:

வணக்கம். பெங்களூரு அல்சூரில் சின்ன டிடிபி கடை. தமிழ், கன்னடம் இரண்டிலும் வேலை நடக்கும். கணினி நாலு, நாலிலும் உபுண்டு 22.04. அதில் ஒன்றை சாம்பா போட்டு எல்லோருக்கும் பொதுவான ஃபைல் சர்வராக வைத்திருக்கிறோம். சிக்கல் அந்த ஒன்றில்தான்.

(ஃபோனில் தமிழ் கீபோர்டில் அடிக்கிறேன். கமாண்டுகளை ஒலிப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

256 ஜிபி எஸ்எஸ்டி. ரூட் பார்ட்டிஷன் 60 ஜிபி, ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் ஃபைல்சிஸ்டம்). மீதி முழுக்க /ஹோம், அதில் வேலை ஃபைல்கள் சுமார் 140 ஜிபி. வெளியே 2 டிபி யூஎஸ்பி ஹார்டு டிஸ்க், /எம்என்டி/பேக்கப் என்ற இடத்தில் மவுன்ட் ஆகும். வாங்கியபோது இருந்த எக்ஸ்ஃபேட் ஃபைல்சிஸ்டம்தான், ஃபார்மட் செய்யவில்லை. மவுன்ட் பட்டியலான எஃப்எஸ்டேபில் நோஃபெயில் போட்டிருக்கிறது. தினமும் இரவு 8:15க்கு ரூட் பயனரின் கிரான்டேபிலிருந்து (நேரப்படி வேலை ஓட்டும் பட்டியல்) ஆர்சிங்க் -ஏ --டிலீட் ஓடி /ஹோமை அதில் நகலெடுக்கும்.

நேற்று ஆப்ட் அப்கிரேட் கொடுத்தேன். புது கர்னலும் அதில் இருந்தது. பாதியில் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று நின்றது. இப்போது எது கொடுத்தாலும் "டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்" என்கிறது (டிபிகேஜி: ஆப்ட்டுக்கு அடியில் பேக்கேஜ்களை நிறுவுவது). இரண்டு நாளாகவே சில பிரிண்ட் வேலைகள் வரிசையில் அப்படியே நின்றுபோயின. அப்போது பிரிண்டர் கோளாறு என்று நினைத்தோம்.

டிஎஃப் -ஹெச் (பார்ட்டிஷன் கணக்கு) காட்டுவது: அளவு 59 ஜி, பயன்பாடு 59 ஜி, மீதி 0.
சூடோ டியு -எக்ஸ்ஹெச் --மேக்ஸ்-டெப்த்=1 / (ஃபோல்டர்வாரிக் கணக்கு) கூட்டினால் வருவது: 26 ஜி.

மீதி 33 ஜி எங்கே போனது? இன்னும் ரீபூட் செய்யவில்லை. போன செவ்வாய் சாயங்கால மழையில் கரண்ட் போய் வந்தபோது ஹார்டு டிஸ்க் காணவில்லை, மறுநாள் காலை மவுன்ட் -ஏ கொடுத்ததும் வந்துவிட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று: ஒருவேளை 24.04 புதிதாகப் போட வேண்டி வந்தால், இப்போது இருக்கும் பேக்கேஜ்களின் பட்டியலை எப்படி எடுத்து வைப்பது?

---

மச்சா_டெர்மினல் எழுதியது:

சிம்பிள் ப்ரோ. /வார்/லிப்/டிபிகேஜி உள்ள லாக், லாக்-ஃப்ரன்ட்எண்ட் ரெண்டையும், ஆப்ட் லாக்கையும் ஆர்எம் பண்ணு. /பூட்ல பழைய கர்னல் ஃபைல் எல்லாத்தையும் கையாலயே தூக்கு, இடம் கிடைக்கும். ரீபூட். முடிஞ்சுது.

---

டெப்_சாமி எழுதியது:

மேலே சொன்ன மூன்றில் எதையும் செய்யாதீர்கள், முக்கியமாக ரீபூட். கர்னல் பேக்கேஜ் பாதியில் நின்றிருக்கிறது. டிஸ்க் நிரம்பிய நேரத்தில் எழுதப்பட்ட இனிட்ஆர்டி ஃபைல் (கணினி ஏறும்போது கர்னலோடு முதலில் ஏற்றப்படுவது) அரைகுறையாக இருக்கலாம். இப்போது ஓடுகிற கர்னல் நினைவகத்தில் இருப்பதால் எல்லாம் நடக்கிறது. அணைத்துப் போட்டால் புது கர்னலில் ரூட்டையே மவுன்ட் செய்ய முடியாமல் நிற்கும். அப்படி ஆனாலும் கிரப் எனும் பூட் மெனுவில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" போய்ப் பழைய கர்னலில் ஏறலாம். அந்தப் பழைய கர்னலைத்தான் கையால் அழிக்கச் சொல்கிறார் மச்சா.

லாக் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த ஃபைல் இருப்பதே பூட்டு என்று பலர் நினைக்கிறார்கள். பூட்டு ஃபைலில் இல்லை, அதைத் திறந்து வைத்திருக்கும் புரோசஸ் கர்னலிடம் வாங்கி வைத்திருப்பது. புரோசஸ் செத்தால் பூட்டு தானாக விடுபடும், ஃபைல் மட்டும் சும்மா கிடக்கும். "லாக் கிடைக்கவில்லை" என்று வந்தால் யாரோ உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள், பெரும்பாலும் பின்னணியில் அன்அட்டென்டட்-அப்கிரேட்ஸ். சூடோ ஃப்யூசர் -வி /வார்/லிப்/டிபிகேஜி/லாக்-ஃப்ரன்ட்எண்ட் கொடுத்தால் யார் என்று தெரியும். ஃபைலை அழித்தால் இரண்டு டிபிகேஜி ஒரே நேரத்தில் ஓட வழி செய்கிறீர்கள். உங்களுக்கு வந்திருப்பது லாக் பிழையே இல்லை.

இப்போது 33 ஜிபி. டிஎஃப்பும் டியுவும் ஒத்துப்போகாததற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்.

ஒன்று, அழித்த ஃபைலை ஏதோ ஒரு புரோசஸ் இன்னும் திறந்து வைத்திருப்பது. பெயர் போய்விடும், இடம் போகாது. சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1 (பெரிய எல்) காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒரு டிடிபி சர்வரில் 33 ஜிபிக்கு அப்படி ஒரு லாக் ஃபைல் வளர்வது அபூர்வம்.

இரண்டாவது, மவுன்ட் பாயின்ட்டுக்கு அடியில் ஒளிந்திருப்பது. நீங்கள் சம்பந்தமில்லை என்று ஒதுக்கிய செவ்வாய்க்கிழமைதான் காரணம் என்று பந்தயமே கட்டலாம். கரண்ட் வந்து கணினி ஏறியபோது யூஎஸ்பி டிஸ்க் தயாராகவில்லை. நோஃபெயில் இருப்பதால் சிஸ்டம் அதைப் பொருட்படுத்தாமல் ஏறிவிட்டது. 8:15க்கு ஆர்சிங்க் பார்த்தபோது /எம்என்டி/பேக்கப் என்பது ரூட் பார்ட்டிஷனில் இருக்கும் வெறும் காலி ஃபோல்டர். அதற்கென்ன தெரியும், 140 ஜிபியை அதற்குள் கொட்ட ஆரம்பித்து, இடம் தீர்ந்ததும் செத்தது. மறுநாள் மவுன்ட் -ஏ கொடுத்ததும் நிஜ டிஸ்க் அதன் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அடியில் இருப்பது கண்ணுக்கும் டியுவுக்கும் தெரியாது, டிஎஃப்புக்குத் தெரியும்.

இன்னொரு நுணுக்கம். ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 5% இடத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும், உங்கள் 60 ஜிபியில் சுமார் 3 ஜிபி. சாதாரண பயனரின் ஆர்சிங்க் ஆக இருந்திருந்தால் 56இலேயே நின்றிருக்கும், ஆப்ட் அந்த 3 ஜிபியில் தப்பியிருக்கும். ரூட்டின் கிரானில் ஓடியதால் ஒதுக்கீட்டையும் சேர்த்துத் தின்றுவிட்டது. அதனால்தான் 59க்கு 59.

சோதிக்க:

சூடோ எம்கேடிஐஆர் /ரன்/அடி
சூடோ மவுன்ட் --பைண்ட் / /ரன்/அடி
சூடோ டியு -எஸ்ஹெச் /ரன்/அடி/எம்என்டி/பேக்கப்

/ரன் என்பது ராமில் இருப்பது, ரூட் நிரம்பியிருந்தாலும் அங்கே ஃபோல்டர் உருவாக்கலாம். --பைண்ட் மட்டும். --ஆர்பைண்ட் போட்டால் உள் மவுன்ட்களும் கூடவே வந்து, நிஜ பேக்கப் டிஸ்க்தான் மறுபடி தெரியும். அந்த நிலையில் ஆர்எம் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அழிப்பதற்கு முன் ஒரு வேலை. நிஜ டிஸ்க்கில் இல்லாத ஏதாவது அடியில் இருக்கிறதா என்று பாருங்கள்:

சூடோ ஆர்சிங்க் -ஏவிஎன் --இக்னோர்-எக்சிஸ்டிங் /ரன்/அடி/எம்என்டி/பேக்கப்/ /எம்என்டி/பேக்கப்/

இரண்டு பாதையின் கடைசியிலும் சாய்கோடு வேண்டும். மூலப் பாதையின் சாய்கோட்டை விட்டால் "பேக்கப்" என்ற ஃபோல்டரையே உள்ளே நகலெடுக்கப் பார்த்து, எல்லா ஃபைலும் புதிது என்று காட்டும். -என் இருப்பதால் எதையும் எழுதாது, பட்டியல் மட்டும் வரும்.

---

அல்சூர்_அச்சு எழுதியது:

சார், சரியாகப் பிடித்தீர்கள். அடியில் 33 ஜி. எல்எஸ்ஓஎஃப்பில் ஒன்றும் பெரிதாக இல்லை.

ஆர்சிங்க் பட்டியலில் 41 ஃபைல் வருகிறது. இவை எப்படி நிஜ டிஸ்க்கில் இல்லாமல் போயின?

---

டெப்_சாமி எழுதியது:

செவ்வாய் இரவு /ஹோமில் இருந்து, பிறகு யாரோ அழித்த அல்லது பெயர் மாற்றிய ஃபைல்கள். அடுத்த இரவு --டிலீட் அவற்றை நிஜ டிஸ்க்கிலிருந்தும் துடைத்துவிட்டது. தற்செயலாக அடியில் ஒரு பிரதி மிஞ்சியிருக்கிறது. /ஹோமில் இடம் இருப்பதால் அந்த 41ஐ மட்டும் அங்கே ஒரு தனி ஃபோல்டருக்கு நகலெடுத்து, வேண்டுமா வேண்டாமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு /ரன்/அடி/எம்என்டி/பேக்கப் உள்ளே இருப்பதை அழியுங்கள். பாதையை இரண்டு முறை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள். இன்னும் பத்திரமாகச் செய்ய வேண்டுமென்றால் அழிக்கும் நேரத்தில் யூஎஸ்பி டிஸ்க்கை அன்மவுன்ட் செய்து கழற்றியே வைத்துவிடலாம்.

இடம் வந்த பிறகு, இதே வரிசையில்:

சூடோ ஆப்ட் கிளீன்
சூடோ டிபிகேஜி --ஆடிட்
சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்
சூடோ ஆப்ட் அப்டேட், பிறகு அப்கிரேட்

--ஆடிட் எதையும் மாற்றாது, எந்தப் பேக்கேஜ் எந்த நிலையில் தொங்குகிறது என்று மட்டும் சொல்லும். டிபிகேஜி -எல் பட்டியலில் முதல் இரண்டு எழுத்து "ஐயு" என்றால் பிரித்துப் போட்டாகிவிட்டது, கன்ஃபிகர் பாக்கி. "ஐஎஃப்" என்றால் கன்ஃபிகரில் தோற்றது. சாம்பாவின் கன்ஃபிக் ஃபைலைப் பற்றிக் கேள்வி வந்தால் இப்போது இருப்பதையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

டிபிகேஜி புது ஃபைலை முதலில் டிபிகேஜி-நியூ என்ற வால் வைத்த பெயரில் எழுதி, முழுதாக முடிந்த பிறகுதான் பெயர் மாற்றும். அதனால் இடம் தீர்ந்து நின்றாலும் பழைய ஃபைல்கள் பெரும்பாலும் கெடாது. கெடுவது எங்கே என்றால், பேக்கேஜ் நிறுவிய பின் ஓடும் ஸ்கிரிப்ட்கள் தாமாக உருவாக்கும் ஃபைல்கள். இனிட்ஆர்டி அந்த வகைதான். ஆகவே:

சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்
சூடோ அப்டேட்-கிரப்
எல்எஸ் -எல்ஹெச் /பூட்

எல்லா இனிட்ஆர்டியும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பாதி அளவில் இருந்தால் அது சரியில்லை. எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் கொடுத்து உள்ளே இருப்பதைப் பட்டியலிடச் சொன்னால் அரைகுறை ஃபைல் பிழை காட்டிவிடும். கடைசியாக சூடோ டிபிகேஜி --வெரிஃபை. நடுவில் சி என்ற எழுத்தோடு வரும் வரிகள் நீங்களே திருத்திய கன்ஃபிக் ஃபைல்கள், அதை விட்டுவிடுங்கள். யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் ஏதாவது 5 என்ற குறியோடு வந்தால் அந்தப் பேக்கேஜை ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால். இதெல்லாம் சுத்தமான பிறகு ரீபூட்.

/வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் ஃபைலே காலியாகிப் போன ஆட்களும் உண்டு. உங்களுக்கு அது நடக்கவில்லை, நடந்திருந்தால் டிபிகேஜி வேறு மாதிரி அழுதிருக்கும். அப்படி ஆனால் பக்கத்திலேயே ஸ்டேட்டஸ்-ஓல்டு இருக்கும், /வார்/பேக்கப்ஸ் உள்ளே டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0 என்று முந்தைய பிரதியும் இருக்கும்.

பழைய கர்னல்களுக்கு ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ் போதும். ஓடுகிற கர்னலை அது தொடாது. கையால் அழித்தால் அவை இன்னும் இருப்பதாகவே டிபிகேஜி நம்பிக்கொண்டிருக்கும், அடுத்த அப்டேட்டில் தகராறு.

---

மச்சா_டெர்மினல் எழுதியது:

லாக் மேட்டர் இத்தனை நாளா தப்பாவே பண்ணிட்டிருந்திருக்கேன். ஓகே சாமி.

ஒரு டவுட். ஆர்சிங்க் அன்னைக்கு ஃபெயில் ஆச்சுல்ல, கிரான் ஏன் ஒண்ணுமே சொல்லல?

---

நகல்_பிரதி எழுதியது:

கிரான் சொல்லியிருக்கும். தன் வெளியீட்டை மெயிலில் அனுப்புவதுதான் அதன் வழக்கம். கணினியில் மெயில் அனுப்பும் புரோகிராம் எதுவும் இல்லையென்றால் "நோ எம்டிஏ இன்ஸ்டால்டு, டிஸ்கார்டிங் அவுட்புட்" என்று சிஸ்லாகில் ஒரு வரி எழுதிவிட்டுக் குப்பையில் போடும். அல்சூர் சார், ஜர்னல்சிடிஎல்லில் செவ்வாய் 8:15க்குப் பக்கத்தில் தேடிப் பாருங்கள், கட்டாயம் இருக்கும்.

அதைவிட எனக்கு உறுத்துவது எக்ஸ்ஃபேட். எக்ஸ்ஃபேட்டில் லினக்ஸின் உரிமையாளர், அனுமதி எதுவும் கிடையாது, சிம்லிங்க்கும் கிடையாது. ஆர்சிங்க் -ஏ ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிமையாளரை மாற்றப் பார்த்து "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" வாங்கியிருக்கும். அதாவது உங்கள் பேக்கப் தினமும் 23 என்ற பிழை எண்ணோடுதான் முடிந்திருக்கும். தினமும் பிழை என்றால் செவ்வாய்க்கிழமைப் பிழையை யார் கவனிப்பார்கள்? ஃபைல் பெயரில் முக்காற்புள்ளி அல்லது கேள்விக்குறி இருந்தால் அந்த ஃபைல் எக்ஸ்ஃபேட்டில் ஏறவே ஏறாது. "ரசீது: மார்ச்" என்று பெயர் வைத்த ஃபைல் பேக்கப்பில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஈஎக்ஸ்டி4க்கு மாறுங்கள். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு அதிலும் ஒரு கணக்கு உண்டு. ஈஎக்ஸ்டி4இல் ஒரு ஃபைல் பெயர் 255 பைட் வரைதான். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆகவே 85 குறியீடு. "கி" என்பதே இரண்டு குறியீடு, 6 பைட். நடைமுறையில் ஐம்பது எழுத்தைத் தாண்டினால் "ஃபைல் நேம் டூ லாங்" வர ஆரம்பிக்கும். விண்டோஸிலும் எக்ஸ்ஃபேட்டிலும் 255 என்பது பைட் கணக்கு இல்லை என்பதால் அங்கே பிரச்சினை தெரியாது. கல்யாணப் பத்திரிகை வேலைகளில் மணமகன், மணமகள், ஊர், தேதி எல்லாம் சேர்த்துப் பெயர் வைப்பார்கள், வாடிக்கையாளர் பென் டிரைவிலிருந்து இழுக்கும்போது இடறுவது இங்கேதான்.

ஆனால் இருக்கும் ஒரே பேக்கப்பை அழித்து ஃபார்மட் செய்யாதீர்கள். இன்னொரு டிஸ்க் வாங்குங்கள், எப்படியும் இரண்டு வேண்டும். எஸ்.பி. ரோடு கடைகளில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் வந்ததும் முதலில் எஃப்3ரைட், எஃப்3ரீட் ஓட்டி அளவு நிஜம்தானா என்று பாருங்கள். 2 டிபிக்கு மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். ஸ்மார்ட்சிடிஎல் -டி எஸ்ஏடி கொடுத்தால் பெரும்பாலான யூஎஸ்பி பெட்டிகள் வழியாகவும் டிஸ்க்கின் உடல்நிலை தெரியும், புதிது என்று விற்றதில் ஓடிய மணி நேரம் ஆயிரக்கணக்கில் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

ஃபார்மட்: எம்கேஎஃப்எஸ்.ஈஎக்ஸ்டி4 -எம் 0 -எல் பேக்கப்1 (லேபிளுக்குப் பெரிய எல்). அந்த 5% ஒதுக்கீடு பேக்கப் டிஸ்க்கில் வீண், 2 டிபியில் 100 ஜிபி போய்விடும், அதற்குத்தான் -எம் 0. எல்எஸ்யூஎஸ்பி -டி போட்டு டிஸ்க் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்றும் பாருங்கள். 480எம் என்று வந்தால் யூஎஸ்பி 2 போர்ட்டில் இருக்கிறது. நொடிக்கு 30–35 எம்பிக்கு மேல் வராது, முதல் 140 ஜிபிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அடுத்து, ஆர்சிங்க் --டிலீட் என்பது கண்ணாடி. அந்த 41 ஃபைலுக்கு நடந்ததுதான் அதன் இயல்பு. இதன் தலைகீழும் உண்டு: ஒரு நாள் /ஹோம் மவுன்ட் ஆகாமல் காலியாக இருந்தால், ஆர்சிங்க் அதைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளாது. காலியை நகலெடுத்து, பேக்கப் முழுவதையும் அழித்துவிடும். உங்களுக்கு போர்க் பொருந்தும், பழைய பிரதிகளையும் தேதிவாரியாக வைத்திருக்கும் பேக்கப் புரோகிராம்.

போர்க் இனிட் --என்கிரிப்ஷன்=ரெப்போகீ /எம்என்டி/பேக்கப்/போர்க்
போர்க் கீ எக்ஸ்போர்ட் --பேப்பர்

இரண்டாவது கமாண்ட் சாவியை அச்சிடும் வடிவில் தரும். அச்சிட்டு, கடவுச்சொல்லையும் எழுதி, கடைக்கு வெளியே வையுங்கள். கடவுச்சொல் இல்லையென்றாலும், டிஸ்க்கில் இருக்கும் சாவி கெட்டு அச்சுப் பிரதியும் இல்லையென்றாலும் தரவு திரும்பாது, யாரிடம் போனாலும் திரும்பாது.

தினசரி: போர்க் கிரியேட், கம்ப்ரெஷன் இசட்ஸ்டிடி,3. பிறகு போர்க் ப்ரூன் --கீப்-டெய்லி 7 --கீப்-வீக்லி 4 --கீப்-மன்த்லி 6. அதற்கும் பிறகு போர்க் காம்பாக்ட். 22.04இல் இருப்பது 1.2 வரிசை, அதில் ப்ரூன் செய்தால் பழையவை பட்டியலிலிருந்து போகும், இடம் திரும்பி வராது. காம்பாக்ட் ஓடினால்தான் வரும். பழைய கட்டுரைகளைப் பார்த்து ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் இதை விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து டிஸ்க் நிரம்பிவிட்டது என்று வருகிறார்கள்.

ஜேபெக், பிடிஎஃப் எல்லாம் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, கம்ப்ரெஷனில் லாபம் எதிர்பார்க்காதீர்கள். ஒரே வேலையை "ஃபைனல்", "ஃபைனல்2", "ஃபைனல் ஓகே" என்று நகலெடுத்து வைப்பீர்களே, அதில்தான் லாபம். ஒரே மாதிரியான துண்டுகளை போர்க் ஒரு முறைதான் சேமிக்கும்.

செவ்வாய்க்கிழமை மறுபடி வராமலிருக்க இரண்டு பூட்டு. டிஸ்க்கை அன்மவுன்ட் செய்துவிட்டு, அடியில் இருக்கும் காலி ஃபோல்டருக்கு சூடோ சிஹெச்ஏடிடிஆர் +ஐ /எம்என்டி/பேக்கப். இனி டிஸ்க் இல்லாதபோது ரூட்டால்கூட அதற்குள் எழுத முடியாது, மவுன்ட் செய்வதற்குத் தடையில்லை. ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் மவுன்ட்பாயின்ட் -க்யூ /எம்என்டி/பேக்கப் || எக்சிட் 1. முதலாவது ஒன்றே போதும் என்பேன், இரண்டாவது சிஹெச்ஏடிடிஆரை யாராவது கழற்றிவிட்டால் காப்பாற்ற.

கிரானை விட்டு சிஸ்டம்டி டைமருக்குப் போங்கள். பெர்சிஸ்டென்ட்=ட்ரூ போட்டால், 8:15க்குக் கணினி அணைந்திருந்தாலும் மறுநாள் ஏறியதும் ஓடும். சர்வீஸ் ஃபைலில் ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்=/எம்என்டி/பேக்கப். தோற்றால் சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு பட்டியலில் நிற்கும். ஆனால் டிடிபி கடையில் அதை யார் பார்ப்பார்கள்? ஸ்கிரிப்ட் கடைசி வரை வெற்றியாகப் போனால் மட்டும், சாம்பா ஷேரின் மேல்மட்டத்தில் "கடைசி பேக்கப்" என்ற ஃபைலில் தேதியை எழுதச் சொல்லுங்கள். நாலு பேரும் தினமும் திறக்கும் இடம், தேதி பழையதாக இருந்தால் யாராவது ஒருவர் கேட்பார்.

---

பொதிவண்டி எழுதியது:

பேக்கேஜ் பட்டியல் கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன்.

ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் என்பதன் வெளியீட்டை ஒரு ஃபைலில் எழுதுங்கள். நீங்கள் கேட்டு நிறுவியவையும், உபுண்டு நிறுவியபோது வந்த சிலவும் வரும். இணையத்தில் பலர் டிபிகேஜி --கெட்-செலக்ஷன்ஸ் சொல்வார்கள். அது சார்புக்காகத் தானாக வந்த ஆயிரக்கணக்கான லைப்ரரிகளையும் சேர்த்துத் தரும். அதைப் புது சிஸ்டத்தில் கொட்டினால் எல்லாமே "நான் கேட்டு நிறுவியது" என்று பதிவாகி, ஆட்டோரிமூவ் இனி எதையும் அகற்றாது. 22.04இன் பட்டியலை 24.04இல் அப்படியே ஓட்டவும் முடியாது. பல லைப்ரரிகளின் பெயரே மாறியிருக்கிறது, ஒரு பெயர் கிடைக்கவில்லையென்றாலும் ஆப்ட் மொத்தத்தையும் மறுக்கும். பட்டியலைத் திறந்து, லிப் என்று தொடங்குபவற்றையும் பதிப்பு எண்ணோடு வரும் கர்னல் பெயர்களையும் வெட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கூடவே ஸ்னாப் லிஸ்ட், ஃபிளாட்பேக் லிஸ்ட் --ஆப். /ஈடிசி முழுவதும் (அச்சுக்கான கப்ஸ், சாம்பா அமைப்பு எல்லாம் அங்கே), /யூஎஸ்ஆர்/லோக்கல், /ஓபிடி ஃபோல்டர் (ஆப்ட் கமாண்ட் அல்ல), /வார்/ஸ்பூல்/கிரான். இவற்றையும் போர்க்கின் பாதைகளில் சேருங்கள், இப்போது /ஹோம் மட்டும்தான் போகிறது.

உங்கள் தொழிலில் எல்லோரும் மறப்பது எழுத்துரு. தமிழ்99க்கான ஐபஸ்-எம்17என், லோகித் தமிழ் எழுத்துரு இவை பேக்கேஜ்கள், பட்டியலில் வரும். பழைய டாம், டாப் எழுத்துருக்கள், கன்னடத்துக்கு நுடி, வாடிக்கையாளர் கொடுத்துவிட்டுப் போனவை எல்லாம் ஹோமில் .லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ் உள்ளே கையால் போட்டவை. எந்தப் பேக்கேஜ் பட்டியலிலும் வராது. இல்லையென்றால் பழைய ஃபைலைத் திறந்ததும் பொருளில்லாத ரோமன் எழுத்துகளாகத் தெரியும். ஹோம் பேக்கப்பில் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்களை யாராவது தவிர்க்கச் சொன்னால் கேட்காதீர்கள். அதே போல ~/ஸ்னாப் ஃபோல்டரையும் "பெரிதாக இருக்கிறது" என்று தவிர்க்காதீர்கள். 22.04இல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாக வருவதால் புக்மார்க், சேமித்த கடவுச்சொல் எல்லாம் அதற்குள் ஃபயர்ஃபாக்ஸ்/காமன்/.மொசில்லாவில் இருக்கின்றன. தவிர்க்க வேண்டியது .கேஷ் மட்டும்.

கட்டற்றது எது, இல்லாதது எது என்று ஒரு முறை பிரித்துப் பார்ப்பதும் இந்த வேலைக்கு உதவும். கொள்கைக்காகச் சொல்லவில்லை, அதில் எனக்குப் பிடிவாதம் உண்டு என்றாலும். உபுண்டுவில் மெயின், யுனிவர்ஸ் இரண்டும் கட்டற்றவை. ரெஸ்ட்ரிக்டட், மல்டிவர்ஸ் அப்படியல்ல. மறுபடி நிறுவும்போது முரண்டு பிடிப்பது பெரும்பாலும் பின்னிரண்டும், வெளியிலிருந்து இறக்கிய டெப் ஃபைல்களும்தான். ப்ரோ செக்யூரிட்டி-ஸ்டேட்டஸ் கொடுத்தால் எந்தப் பிரிவில் எத்தனை என்று எண்ணிக்கை வரும். --தேர்டுபார்ட்டி, --அன்அவெய்லபிள் சேர்த்தால் வெளி ரெப்போக்களிலிருந்து வந்தவையும், இன்று எந்த ரெப்போவிலும் இல்லாமல் அநாதையாகக் கிடப்பவையும் தெரியும். அந்த அநாதைகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் எங்கிருந்தும் வராது. யுனிவர்ஸுக்கான நீண்டகாலப் பாதுகாப்பு அப்டேட் உபுண்டு ப்ரோ வழியாக வருகிறது. தனிநபர் கணக்கில் 5 கணினி வரை கட்டணமில்லை, உங்களுக்கு நாலுதான்.

ஹெச்பி லேசர் பிரிண்டர் இருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹெச்பிலிப் கட்டற்றது, ஆனால் சில மாடல்களுக்கு மூடிய ப்ளக்-இன் ஒன்று தேவை. அதன் பதிப்பும் ஹெச்பிலிப்பின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்கிரேட் ஆனதும் பிரிண்டர் இருக்கும், அச்சு வராது. ஹெச்பி-ப்ளக்இன் மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும். அடுத்த பிரிண்டர் வாங்கும்போது ப்ளக்-இன் கேட்காத மாடலாகவோ, டிரைவரே வேண்டாத ஐபிபி எவ்ரிவேர் மாடலாகவோ பாருங்கள்.

நாலு கணினியும் ஒரே அப்டேட்டை நாலு முறை இறக்குகின்றன. சர்வரில் ஆப்ட்-கேஷர்-என்ஜி நிறுவி, மற்ற மூன்றிலும் ஆப்ட்டின் ஹெச்டிடிபி பிராக்ஸியாக அதன் முகவரியையும் 3142 போர்ட்டையும் கொடுத்தால் ஒரு முறைதான் இறங்கும். ஆனால் அதன் கேஷ் /வார் உள்ளே, அதாவது உங்கள் 60 ஜிபி ரூட்டில் வளரும். முதலில் இந்த வீட்டை ஒழுங்கு செய்துவிட்டு அதைப் பாருங்கள்.

24.04க்கு அவசரமே இல்லை. 22.04க்கு வழக்கமான ஆதரவு 2027 வரை இருக்கிறது.

---

அல்சூர்_அச்சு எழுதியது:

41 ஃபைலில் 38 வேண்டாதவை, 3 வேண்டியவை. எடுத்து வைத்துவிட்டேன். அடியில் இருந்ததை டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு அழித்தேன். டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ 11 பேக்கேஜை முடித்தது, ஃபிக்ஸ்-புரோக்கனில் கர்னல் ஹெடர் மறுபடி இறங்கியது. இனிட்ஆர்டி பார்த்தேன்: பழையது 102 எம், புதியது 37 எம். அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டியதும் புதியதும் 102 எம். ரீபூட் ஆகிவிட்டது.

சிஸ்லாகில் அந்த எம்டிஏ வரி செவ்வாய் மட்டுமில்லை, தினமும் இருக்கிறது. "ரசீது:" என்று தேடினேன், எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் ஒன்றுகூட இல்லை, /ஹோமில் 212 இருக்கிறது.

இரண்டாவது டிஸ்க் வந்துவிட்டது, எஃப்3ரைட் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம்: இரண்டு டிஸ்க்கையும் வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிப் போடலாமா, ஒரே போர்க் ரெப்போவை (போர்க்கின் சேமிப்பு ஃபோல்டரை) நகலெடுத்து?

---

நகல்_பிரதி எழுதியது:

மாற்றிப் போடுங்கள், நகலெடுக்காதீர்கள். ரெப்போவை ஃபைலாக நகலெடுத்தால் இரண்டுக்கும் ஒரே அடையாள எண். ஒரே கணினியிலிருந்து இரண்டிலும் மாறி மாறி எழுதினால் போர்க்கின் கேஷ் குழம்பும், என்கிரிப்ஷன் பாதுகாப்பும் பலவீனமாகும். ஒவ்வொரு டிஸ்க்கிலும் தனித்தனியே போர்க் இனிட், தனித்தனிச் சாவி. எஃப்எஸ்டேபில் யூயூஐடி (டிஸ்க்கின் தனி அடையாள எண்) எழுதாமல் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே லேபிள் வைத்து லேபிள் வழியாக மவுன்ட் செய்தால் ஸ்கிரிப்ட்டை மாற்ற வேண்டியதில்லை, இரண்டையும் ஒரே நேரத்தில் செருகாமல் இருந்தால் போதும். மேலே நான் சொன்ன "பேக்கப்1" லேபிளை "பேக்கப்" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

மாதம் ஒரு முறை போர்க் செக் --வெரிஃபை-டேட்டா. அதோடு, ரசீது ஃபைல் ஒன்றை போர்க் எக்ஸ்ட்ராக்ட் செய்து வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். எக்ஸ்ட்ராக்ட் நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலேயே கொட்டும், அசல் ஃபைலின் மேல் விழாமல் இருக்க முதலில் ஒரு காலி ஃபோல்டருக்குள் போய்விடுங்கள்.